மூன்று வடிகால் வடிவமைப்புகளை மாதிரியில் ஒப்பிடும்போது எந்த வித்தியாசத்தை நம்புவது?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் மேட்டுக் குடியிருப்புகளிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கும் ஒரு மழைநீர் வடிகாலுக்கு மழைநீர் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் எஸ்.டபிள்யூ.எம்.எம். மென்பொருளில், நாங்கள் பேச்சில் ஸ்விம் என்று சொல்வதில், மூன்று மாற்று வடிவமைப்புகளைச் செய்திருக்கிறீர்கள். சரிவில் உள்ள 60 சென்டிமீட்டர் வடிகாலை 90 சென்டிமீட்டராக அகலப்படுத்துவது முதலாவது. கடைத்தெருவில் இடம் இல்லாததால் அங்கே மட்டும் பழைய அளவே தொடரும். மேலேயுள்ள வீடுகளில், மழைநீரைத் தேக்கி மண்ணில் இறக்கும் மழைத் தோட்டங்களும் உறிஞ்சுகுழிகளும் அமைப்பது இரண்டாவது. நீரில் ஒரு பகுதியைப் பக்கத்து ஓடைக்குத் திருப்புவது மூன்றாவது. மென்பொருள் அறிக்கையில் வரும் மொத்த வெள்ள அளவு முதல் வடிவமைப்பில்தான் மிகக் குறைவாக இருக்கிறது. எனவே அதையே பரிந்துரைக்கலாமா, அல்லது சினாரியோக்களை, அதாவது மாற்று வடிவமைப்புகளை, ஒப்பிடத் தனி வசதியுள்ள கட்டண மென்பொருளை வாங்கித்தரும்படி அலுவலகத்தைக் கேட்க வேண்டுமா என்பது நீங்கள் எழுதியது. இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது, பதில் அதற்குத்தான் தேவை: மூன்று எண்களுக்கு இடையே தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு வடிவமைப்பினால் வந்தது, எவ்வளவு நாம் மாதிரியை அமைத்த விதத்தினால் வந்தது?

மென்பொருள் பற்றிய பகுதியை முதலில் முடித்துவிடலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாக வெளியிடும் ஸ்விம்மில் சினாரியோ மேலாளர் என்று எதுவும் கிடையாது. ஒரு கோப்பு ஒரு வடிவமைப்பு, அவ்வளவுதான். கட்டண மென்பொருள்கள் சிலவற்றில் ஒரு தாய் மாதிரியை வைத்துக்கொண்டு, மாற்றிய விவரங்களை மட்டும் கிளை மாதிரிகளில் சேமிக்கலாம். தாய் மாதிரியில் ஒரு பிழையைத் திருத்தினால் கிளைகள் எல்லாவற்றிலும் அது தானாகவே திருந்திவிடும். நூற்றுக்கணக்கான குழாய்களும் பத்துப் பன்னிரண்டு மாற்றுகளும் உள்ள நகரத்துக்கு அது பெரிய உதவி. மூன்றே மாற்றுகள் உள்ள 6 ஹெக்டேர் சரிவுக்கு அதற்காகச் செலவு செய்யத் தேவையில்லை. ஸ்விம்மின் உள்ளீட்டுக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பதால், இரண்டு கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டும் எந்த இலவசக் கருவியிலும் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் மாற்ற நினைத்த வரிகள் மட்டும்தான் மாறியிருக்கின்றனவா என்று அது காட்டிவிடும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு மாற்றுகளுக்கு இடையே உச்சப் பாய்வில் ஏறக்குறைய எட்டு விழுக்காடு வித்தியாசம் என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறகு கோப்புகளை வரிக்கு வரி பார்த்தபோது, மென்பொருள் எத்தனை விநாடிக்கு ஒருமுறை கணக்கிடுகிறது என்ற நேர இடைவெளி ஒன்றில் 30 விநாடியாகவும் மற்றதில் 5 விநாடியாகவும் இருந்தது தெரிந்தது. இரண்டையும் 5 விநாடிக்குக் கொண்டுவந்ததும் வித்தியாசத்தில் பாதி மறைந்துவிட்டது.

இனி உங்கள் மாதிரிக்கு வருகிறேன். இருக்கும் நிலையை ஓட்டிப் பார்த்தபோது கடைத்தெருவில் வெள்ளமே வரவில்லை, மேலே சாலையைக் கடக்கும் சிறுபாலத்தின் வாயில்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பதிவில், கடைத்தெருவில் ஆண்டுதோறும் தண்ணீர் கடைக்குள் புகுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நடந்ததைக் காட்டாத மாதிரி, இனி நடக்கப்போவதைப் பற்றிச் சொல்வதை எடுத்துக்கொள்ள முடியாது. மாற்றுகளை ஒப்பிடுவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய முரண்பாடு இது. இதற்கு இரண்டு காரணங்கள் இருப்பதாக நினைக்கிறேன், முதலாவது மழை.

150 மில்லிமீட்டர் நாள் மழையை ஒரு மணி நேரத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் சரிவு 400 மீட்டர் நீளம், 80 மீட்டர் இறக்கம். கிர்பிச் சூத்திரத்தில் போட்டால், மேட்டின் கடைக்கோடியில் விழுந்த துளி கீழே வந்து சேர ஆகும் நேரம் நான்கு நிமிடத்துக்கும் குறைவு. அந்தச் சூத்திரம் வேறு நிலத்துக்காகச் செய்யப்பட்டது என்பதால் நான்கு நிமிடம் ஆறு நிமிடமாகவோ எட்டு நிமிடமாகவோ இருக்கலாம். ஒரு மணி நேரமாக இருக்க வழியே இல்லை. நான்கைந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடும் சரிவுக்கு ஒரு மணி நேரச் சராசரி மழையைக் கொடுத்தால் உச்சம் மழுங்கிவிடும். நாள் மழையிலிருந்து குறுகிய நேர மழையைக் கணிக்கும் இந்திய வானிலைத் துறையின் கன மூல விதியைக் கொண்டு கணக்கிட்டால், 150 மில்லிமீட்டர் நாள் மழையில் மிகக் கடுமையான ஒரு மணி நேரத்தில் 52 மில்லிமீட்டரும், மிகக் கடுமையான 15 நிமிடத்தில் ஏறக்குறைய 33 மில்லிமீட்டரும் விழும். அந்த 33 மில்லிமீட்டர், மணிக்கு 131 மில்லிமீட்டர் என்ற வேகம். ஓட்டக் கெழு, அதாவது விழும் மழையில் ஓடிவரும் பங்கு, 0.6 என்று வைத்துக்கொண்டால், 6 ஹெக்டேரிலிருந்து ஒரு மணி நேர மழைக்கு விநாடிக்கு 0.52 கன மீட்டரும், 15 நிமிட மழைக்கு 1.31 கன மீட்டரும் வரும். கன மூல விதி நாடு முழுவதற்குமான ஒரு தோராயம். மலையில், அதுவும் கோடை இடிமழைக்கு, அது குறைத்துக் காட்டக்கூடும் என்பது என் சந்தேகம். பக்கத்தில் ஏதாவது எஸ்டேட்டிலோ ஆய்வு நிலையத்திலோ தானியங்கி மழைமானியின் 15 நிமிடப் பதிவு கிடைத்தால் அதையே நம்புங்கள்.

இப்போது கடைத்தெரு வடிகாலைப் பாருங்கள். 60க்கு 60 அளவு, ஒரு விழுக்காடு சரிவு, வடிகாலின் சொரசொரப்பைக் குறிக்கும் மேனிங் கெழு 0.017 என்றால் அது விளிம்பு வரை நிரம்பி விநாடிக்கு 0.72 கன மீட்டர்தான் கொண்டுபோகும். 0.52 வந்தால் அடங்கும், 1.31 வந்தால் அடங்காது. உங்கள் மாதிரியில் கடைகள் நனையாததற்குக் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இரண்டாவது காரணம் பலருக்கும் தெரியாமல் போகிறது. ஸ்விம்மில் ஒரு முனையில், அதாவது வடிகால்கள் சேரும் ஒரு புள்ளியில், நீர் நிரம்பி வழிந்தால், இயல்பு அமைப்பில் அந்த நீர் கணக்கிலிருந்தே போய்விடுகிறது. கீழே எந்த இடத்திலும் மறுபடி சேர்வதில்லை. தேக்கத்தை அனுமதிக்கும் தேர்வைப் போட்டால் அது முனையின் மேல் குளம் போல் நின்று, பிறகு அதே குழாய்க்குள் இறங்கும். சமவெளியில் இரண்டாவது வழி ஓரளவு உண்மைக்கு நெருக்கமானது. மலையில் இரண்டுமே நடப்பதில்லை. சிறுபாலத்தின் வாயில் வழிந்த நீர் மறைவதும் இல்லை, நிற்பதும் இல்லை. தார்ச் சாலையில் ஏறி, அடுத்த கொண்டை ஊசி வளைவு வரை ஓடி, அங்கே யார் வீட்டுப் படிக்கட்டு கீழே இறங்குகிறதோ அந்த வழியாகப் போகிறது. உங்கள் மாதிரியில் சிறுபாலம், தன்னிடம் வழிந்த நீரையெல்லாம் கணக்கிலிருந்து நீக்கிக் கடைத்தெருவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அகலப்படுத்தும் வடிவமைப்பு அந்த வழிதலை நிறுத்துவதால் மொத்த வெள்ள அளவு குறைகிறது. ஆனால் அந்த நீர் முழுவதும் இப்போது 0.72 கன மீட்டர் மட்டுமே தாங்கும் கடைத்தெருவை நோக்கி வருகிறது. சரியான மழையைக் கொடுத்து, சாலையையும் ஒரு திறந்த வாய்க்காலாக வடிகாலுக்கு இணையாக வரைந்து, வழிந்த நீரை அதில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். 5.2 பதிப்பிலிருந்து சாலைக் குறுக்குவெட்டையும், நீர் உள்ளே இறங்கும் வாய்களையும் தனியாகக் கொடுக்கும் வசதி இருக்கிறது. செங்குத்தான சாலையில் ஓடும் நீரில் ஒரு பங்கு கம்பி வாயைத் தாண்டிப் போவதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். அப்படிச் செய்த பிறகு, முதல் வடிவமைப்பு கடைத்தெருவுக்கு மூன்றிலும் மோசமானதாக மாறினால் நான் வியப்படைய மாட்டேன்.

ஆகவே மொத்த வெள்ள அளவு என்ற ஒற்றை எண்ணை வைத்து வடிவமைப்புகளை வரிசைப்படுத்த வேண்டாம். எந்த இடத்தில், எவ்வளவு உயரத்துக்கு, எத்தனை நிமிடம் என்று இடத்துக்கு இடம் பார்க்க வேண்டும்: சிறுபால வாய், கொண்டை ஊசி வளைவு, கடைத்தெருவின் தலைப்பகுதி, ஆற்றில் சேரும் வாய். அந்தக் கடைசி இடத்தைத் தடையில்லாத வெளியேற்றமாக விட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். ஆறு பெருகி ஓடும் நேரத்தில் வடிகாலின் வாய் நீருக்குள் மூழ்கியிருக்கும். பின்னோக்கி ஏறும் அந்தத் தேக்கத்தை முழு இயக்க அலைக் (டைனமிக் வேவ்) கணக்கீட்டில் மட்டுமே காண முடியும், எளிய இயக்க அலை (கைனமேடிக் வேவ்) முறையில் அது தெரியவே தெரியாது.

அடிப்படை நிலையைச் சரிபார்க்கப் பாய்வுமானிப் பதிவு கிடைக்காது, எங்களுக்கும் கிடைத்ததில்லை. கடைச் சுவரில் உள்ள கறை, எத்தனையாவது படி வரை தண்ணீர் ஏறியது என்ற நினைவு, கடைக்காரர்களின் கைப்பேசியில் உள்ள வீடியோ ஆகியவைதான் நம் பதிவுகள். வீடியோவில் நேரம் இருக்கும். அதை மழைமானிப் பதிவோடு பொருத்தினால், மழையின் உச்சத்துக்கு எத்தனை நிமிடம் கழித்து நீர் வந்தது என்பது கிடைத்துவிடும். மழை நேரத்தில் ஒருமுறையாவது நீங்களே போய் நில்லுங்கள். ஓர் அக்டோபர் மாலை இப்படி ஒரு சிறுபாலத்தருகே அளவுகோலோடு நின்றிருந்தேன். மழை வலுத்த பத்தாவது நிமிடத்தில், மேலே எஸ்டேட்டில் கவாத்து செய்து போட்டிருந்த தேயிலைக் குச்சிகளும் சில்வர் ஓக் இலைகளும் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு வந்து, சிறுபாலத்தின் வாயில் பாய் விரித்ததைப் போலப் படிந்தன. அடுத்த இரண்டு நிமிடத்தில் நீர் சாலையில் ஏறிவிட்டது. குழாய்க்குள் அப்போது பாதி அளவுகூட நீர் இல்லை. நான் மாதிரியில் எந்த விட்டத்தைக் கொடுத்திருந்தாலும் அந்த மாலையில் அது பொருட்டாக இருந்திருக்காது.

அதனால்தான் ஒவ்வொரு மாற்றையும் தூர்வாரிய நிலையில் ஒருமுறையும், தூர்ந்த நிலையில் ஒருமுறையும் ஓட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். 60 சென்டிமீட்டர் வடிகால் பத்து விழுக்காடு சரிவில் 2.29 கன மீட்டர் கொண்டுபோகும் என்று சூத்திரம் சொல்கிறது. அதே வடிகால் ஒரு விழுக்காட்டுச் சரிவுக்கு வந்ததும் 0.72 ஆகிறது. மேலிருந்து விநாடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் இழுத்துவரப்பட்ட செம்மண்ணும் கல்லும் வேகம் இரண்டு மீட்டராகக் குறையும் அந்த இடத்தில்தான் படியும். பாதி ஆழம் தூர்ந்து, அடி சொரசொரப்பாகிக் கெழு 0.025 ஆனால், 0.72 என்பது 0.20 ஆகிவிடும். சரிவில் காட்டும் 2.29கூட நேரான வடிகாலுக்கு உரியது. விநாடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் ஓடும் நீருக்குத் தன்னை இரண்டு மீட்டர் உயரத்துக்கு எறிந்துகொள்ளும் ஆற்றல் உண்டு. வளைவில் அது வடிகாலை விட்டு வெளியே தாவும். ஸ்விம்முக்கு வளைவு தெரியாது, அடித்துவரும் கல் தெரியாது, படிகளில் நீர் நுரைத்து இறங்கும்போது இழக்கும் ஆற்றலும் தெரியாது. வடிகாலை அகலப்படுத்துவதைவிட, சரிவு முடியும் இடத்துக்குச் சற்று மேலே, சிறிய டிப்பர் வந்து அள்ளிக்கொண்டு போகும்படி ஒரு வண்டல் பொறித் தொட்டி கட்டுவது கடைத்தெருவுக்கு அதிகம் உதவும் என்பது என் அனுபவம். நீங்கள் அதை நான்காவது மாற்றாகச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வடிவமைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மாதிரியில் நன்றாகத் தோன்றி மண்ணில் ஆபத்தாகக்கூடியது அது. மழைத் தோட்டமும் உறிஞ்சுகுழியும் ஓடும் நீரைக் குறைத்து மண்ணுக்குள் அனுப்புகின்றன. ஸ்விம் அதை லாபமாகக் காட்டும், அதன் கணக்கில் மண்ணுக்குள் போன நீர் பிரச்சினை தீர்ந்த நீர். நீலகிரியின் ஆழமான, பாறை சிதைந்து உருவான சிவப்பு மண் சரிவுகளில் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. மண்ணுக்குள் நீரழுத்தம் ஏறினால் மண் தன் பிடிப்பை இழக்கும். வெட்டிச் சமப்படுத்தி, கீழே ஒரு தடுப்புச் சுவரை நிறுத்தி வீடு கட்டியிருக்கும் இடத்தில், அந்தச் சுவருக்குப் பின்னால் கூரை நீரையெல்லாம் கொண்டுபோய் உறிஞ்சுகுழியில் இறக்குவது எவ்வளவு பெரிய தவறு என்பதை விளக்க வேண்டியதில்லை. எந்தச் சரிவு எவ்வளவு நீரைத் தாங்கும் என்பது என் துறைக்கு அப்பாற்பட்டது. மண் பொறியாளர் ஒருவர் இடத்தைப் பார்த்து, மண்ணைச் சோதித்துச் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் வரை, அந்த மாற்றில் உள்ள உறிஞ்சுகுழிகளை நீர் கசியாத கூரைநீர்த் தொட்டிகளாக மாற்றி ஓட்டிப் பாருங்கள் என்பதே என் ஆலோசனை. உச்சத்தை இருபது நிமிடம் தள்ளிப்போடத் தொட்டி போதும், மண்ணை நனைக்கத் தேவையில்லை.

தொட்டிகளுக்கும் ஒரு வரம்பு உண்டு, அதைக் காண ஒன்றுக்கு மேற்பட்ட மழைகளை ஓட்ட வேண்டும். நீலகிரிக்கு இரண்டு பருவமழைகள். கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்கும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கும் வலுவானவை. இவை தவிர ஏப்ரல், மே மாதங்களில் முக்கால் மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் கோடை மழை. கோடை மழையில் காலியாக இருக்கும் தொட்டி உச்சத்தை அழகாக வெட்டிவிடும். நவம்பரில் இரண்டு நாள் விடாமல் தூறிய பிறகு மூன்றாம் நாள் இரவு வலுக்கும் மழையில் அதே தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருக்கும், மண்ணும் ஊறிப்போயிருக்கும், தொட்டி இருப்பதும் இல்லாததும் ஒன்றாகிவிடும். எனவே வறண்ட மண்ணில் குறுகிய கடும் மழை, ஊறிய மண்ணில் நீண்ட மழை என்று குறைந்தது இரண்டு வகையையாவது எல்லா மாற்றுகளுக்கும் கொடுங்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்ததையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானதையும் நீங்கள் அறிவீர்கள். அத்தகைய மழைக்கு வடிகால் கட்ட முடியாது. ஆனால் அப்படிப் பெய்தால் வழிந்த நீர் எந்த வீட்டின் மேல் போகும் என்று மட்டும் பார்ப்பதற்காக அதையும் ஒருமுறை ஓட்ட வேண்டும்.

மூன்றாவது வடிவமைப்பில், பக்கத்து ஓடையின் நீர்ப்பிடிப்பை உங்கள் மாதிரி சேர்த்துக்கொள்ளவில்லை என்று தெரிகிறது. அப்படியானால் திருப்பிய நீரும் கணக்கிலிருந்து மறைந்த நீர்தான். அந்த ஓடையின் கீழ்க்கரையில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதைக் கணக்கிடாமல் அதைப் பரிந்துரைக்க நமக்கு உரிமை இல்லை.

கணக்கீட்டுச் சோதனைகள் சுருக்கமாக: செங்குத்தான, குட்டையான வடிகால்களுக்கு நேர இடைவெளி 1 முதல் 5 விநாடிக்குள் இருக்கட்டும், எல்லாக் கோப்புகளிலும் ஒன்றாக இருக்கட்டும். அறிக்கையின் நீர்ச் சமநிலைப் பிழை, அதாவது உள்ளே வந்த நீருக்கும் வெளியேறிய, தேங்கிய நீருக்கும் கணக்கில் விழும் வித்தியாசம், ஒன்றிரண்டு விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ஓட்டத்தை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். பத்து விழுக்காடு வரை பொறுக்கலாம் என்ற பழைய வழக்கம் மாற்றுகளை ஒப்பிடும்போது செல்லாது, ஏனெனில் நாம் தேடும் வித்தியாசமே அந்த அளவில்தான் இருக்கும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும், நீர் இறங்காத கட்டடப் பரப்பின் விழுக்காடு, நீர்ப்பிடிப்பின் அகலம், சொரசொரப்புக் கெழு ஆகிய மூன்றும் நம் ஊகங்கள்தான். ஒவ்வொன்றையும் நியாயமான எல்லைக்குள் ஏற்றியும் இறக்கியும் எல்லா மாற்றுகளையும் மறுபடி ஓட்டுங்கள். எண்கள் மாறும், கவனிக்க வேண்டியது வரிசை மாறுகிறதா என்பதை. கடைத்தெருவின் தலையில் உச்ச நீர்மட்டம் என்ற அளவில் ஒரு மாற்று எல்லா ஓட்டங்களிலும் முன்னால் நின்றால், அந்த முடிவை அலுவலகத்தின் முன் தைரியமாக வைக்கலாம். இரண்டு மாற்றுகள் இடம் மாறிக்கொண்டே இருந்தால், அவற்றுக்கிடையே மாதிரி எதையும் சொல்லவில்லை என்று அறிக்கையில் அப்படியே எழுதிவிட்டு, பாறை உடைக்கும் செலவு, நிலம், மாதம் ஒருமுறை தூர்வார ஆள் கிடைப்பது ஆகியவற்றைக் கொண்டு முடிவெடுங்கள். மத்திய வீட்டுவசதி அமைச்சகத்தின் 2019ஆம் ஆண்டு மழைநீர் வடிகால் கையேட்டை அறிக்கைக்கு அடிப்படையாகக் காட்டுங்கள். ஒப்புதல் தரும் பொறியாளர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இரண்டு அளவுகளை நேரில் எடுத்துவிடுங்கள்: மண் படிந்ததைக் கழித்துச் சிறுபால வாயின் உண்மையான திறப்பு; கடைத்தெரு வடிகாலின் மூடிப் பலகைகளில் நான்கைந்தைத் தூக்கி, ஒவ்வோர் இடத்திலும் மிச்சமிருக்கும் ஆழம். அவற்றையும், 15 நிமிட மழையில் ஓட்டிய அடிப்படை மாதிரியின் அறிக்கையையும் இங்கே போட்டால், கடைத்தெரு இப்போது நனைகிறதா என்று சேர்ந்தே பார்க்கலாம்.